ஒன்றுக்கு என்ன விலை?

மாதத் தொடக்கத்தில் மளிகைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்லும் குடும்பஸ்தர் எவருக்கும், எண்ணெய் வாங்கும் இடத்தில் ஒரு சந்தேகம் தோன்றாமல் இருப்பதில்லை. செக்கு எண்ணெய்க் கடையின் பலகையில் கடலை எண்ணெய் கிலோ 240 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. நாலு கடை தள்ளியிருக்கும் பலசரக்குக் கடையிலோ அதே தரத்துச் செக்கு எண்ணெய் மூன்று உருவங்களில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது: அரை லிட்டர் பாட்டில் 118 ரூபாய், ஒரு லிட்டர் பாக்கெட் 225 ரூபாய், ஐந்து லிட்டர் டின் 1,110 ரூபாய். (இவை கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட விலைகள், ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் இவை மாறும்.) இந்த நான்கில் எது மலிவு?

240-ஐவிட 225 சிறிய எண்ணாதலால் பாக்கெட்டே மலிவு என்பார் ஒருவர். மொத்தமாக வாங்கினால் எப்போதும் லாபம் என்ற உலக வழக்கை நம்பி டின்னைத் தூக்குவார் மற்றொருவர். இரண்டும் அவசர முடிவுகள். சரியான விடையை அறிய உயர்ந்த கணிதம் எதுவும் வேண்டியதில்லை; ஆரம்பப் பாடசாலையில் படித்த வகுத்தலே போதும். ஆனால் எதை எதால் வகுப்பது என்று தீர்மானிக்கும் விஷயத்தில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். அந்த நிதானத்தைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

மூன்று தெரிந்தால் நான்காவது

ஒரு பண்டத்தின் குறிப்பிட்ட அளவுக்கு விலை தெரிந்திருந்தால் வேறோர் அளவுக்கு விலை என்ன என்று கண்டறியும் முறை நம் நாட்டில் மிகப் பழைமையானது. கி.பி. 499-இல் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் இதற்கான விதி காணப்படுகிறது. மூன்று ராசிகளைக் கொண்டு நான்காவதைக் காண்பதால் இதற்குத் திரைராசிகம் என்று பெயர். தெரிந்த அளவைப் பிரமாணம் என்றும், அந்த அளவுக்கு உரிய விலையைப் பலம் என்றும், நாம் விரும்பும் அளவை இச்சை என்றும் வழங்கினர். பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் வேண்டிய விடை கிடைக்கும்.

நம் எண்ணெய்க்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஐந்து லிட்டர் பிரமாணம். 1,110 ரூபாய் பலம். இரண்டு லிட்டருக்கு விலை வேண்டுமானால் இரண்டு இச்சை. 1,110-ஐ இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுக்க 444 ரூபாய். இனி, விரும்பும் அளவு ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றால் பெருக்குவது பெருக்காமலிருப்பதற்குச் சமமாகையால் விதியின் பாதி தானாகவே கழன்றுபோய், வகுத்தல் மட்டும் மிஞ்சுகிறது. இப்படி விலையை அளவால் வகுத்து, ஒரு கிலோவுக்கோ ஒரு லிட்டருக்கோ ஓர் எண்ணிக்கைக்கோ இன்னது என்று கண்ட விலையை ‘அலகு விலை’ என்று சொல்லுவோம்.

அலகு விலையின் சிறப்பு அதன் எளிமையோடு நின்றுவிடவில்லை. வெவ்வேறு அளவுகளில் வந்து நிற்கும் பத்துப் பொருள்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நாற்பத்தைந்து ஒப்பீடுகள் செய்யவேண்டும். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஒன்றுக்கு இறக்கிவிட்டாலோ பத்தே வகுத்தல்களில் காரியம் முடிந்து, மலிவானது முதல் கிராக்கியானது வரை அனைத்தும் வரிசையாக நின்றுவிடும்.

பழைய நிறுவையும் புதிய நிறுவையும்

இந்த வகுத்தல் இன்று எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதை அறிய, வீசையும் அணாவும் வழங்கிய நாள்களை நினைத்துப் பார்க்கவேண்டும். சென்னை ராஜதானியில் நாற்பது பலம் (இங்கே பலம் என்பது ஓர் எடை) கொண்டது ஒரு வீசை. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு பை. ஒரு சரக்கு வீசை மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா என்றால் ஒரு பலம் என்ன விலை? முதலில் மூன்று ரூபாயை 576 பையாகவும் பன்னிரண்டு அணாவை 144 பையாகவும் மாற்றி, இரண்டையும் கூட்டி, வந்த 720-ஐ நாற்பதால் வகுத்து, கிடைத்த பதினெட்டுப் பையைத் திரும்பவும் ஒன்றரை அணா என்று சொல்லவேண்டும். திண்ணைப் பள்ளிகளில் வாய்பாட்டை அவ்வளவு கண்டிப்போடு உருப்போடச் செய்ததற்கு இந்தச் சிரமமும் ஒரு காரணம்.

1956-ஆம் ஆண்டின் நிறுவை, அளவைச் சட்டத்தால் கிலோவும் லிட்டரும் வந்தன. 1957 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரூபாய் நூறு காசுகளாயிற்று. அதன்பின் கிலோ 240 ரூபாய் என்றால் நூறு கிராம் 24 ரூபாய் என்று புள்ளியை நகர்த்தியே சொல்லிவிடலாம். வகுப்பதற்கு மனம் சோம்பினால் பெருக்கியும் காரியத்தை முடித்துக்கொள்ளலாம்: கால் கிலோ விலையை நான்கால், 200 கிராம் விலையை ஐந்தால் பெருக்கினால் கிலோ விலை, முக்கால் கிலோ விலையோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினாலும் அதுவே. கணக்கு இலகுவாகிவிட்டது, எனினும் சந்தேகம் தீரவில்லை. ஏன் தீரவில்லை என்பதை நம் நான்கு எண்ணெய்களைக் கொண்டே ஆராய்வோம்.

எண்ணெய்க் கணக்கு

பலசரக்குக் கடையின் மூன்று உருவங்களையும் முதலில் லிட்டருக்கு இறக்குவோம். அரை லிட்டர் பாட்டிலின் விலையை இரட்டித்தால் லிட்டர் 236 ரூபாய். பாக்கெட் உள்ளபடியே 225. டின்னின் 1,110-ஐ ஐந்தால் வகுத்தால் 222. ஆகவே இம்மூன்றில் டின் மலிவு, பாட்டில் கிராக்கி. இதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

செக்குக் கடையின் 240 ரூபாயை இந்த வரிசையில் எங்கே வைப்பது? எண்களை மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் கிராக்கி என்று கடைசியில் வைக்கத் தோன்றும். ஆனால் அந்த 240 கிலோவுக்கு உரியது. மற்றவை லிட்டருக்கு உரியவை. கிலோ என்பது எடை. லிட்டர் என்பது கொள்ளளவு, அதாவது பண்டம் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. தண்ணீருக்கு மட்டும் ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் அநேகமாகச் சமம்; இந்தப் பழக்கமே மற்றத் திரவங்களுக்கும் அப்படித்தான் என்ற பிரமையை நமக்கு உண்டாக்கிவிடுகிறது. தண்ணீரில் விட்ட எண்ணெய் மேலே மிதப்பதை யாவரும் பார்த்திருக்கிறோம். தண்ணீரைவிட எண்ணெய் லேசானது என்பதற்கு அதுவே பிரத்தியட்சப் பிரமாணம். எவ்வளவு லேசு என்றால், ஒரு லிட்டர் கடலை எண்ணெயை நிறுத்துப் பார்த்தால் தராசு ஏறக்குறைய 910 கிராம்தான் காட்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு எடை அடங்கும் என்ற இந்தக் குணத்தை அடர்த்தி என்று பௌதிக சாஸ்திரம் கூறும்.

இனி 225 ரூபாய் பாக்கெட்டைக் கிலோவுக்கு மாற்றுவோம். அதில் இருப்பது 910 கிராம். 910 கிராமுக்கு 225 ரூபாய் என்றால் ஒரு கிராமுக்குச் சுமார் இருபத்துநாலே முக்கால் காசு. ஆயிரம் கிராமுக்கு 247 ரூபாய் 25 காசு. இதே முறையில் டின் எண்ணெய் கிலோ ஏறக்குறைய 244 ரூபாயாகவும், பாட்டில் எண்ணெய் கிலோ 259 ரூபாய்க்குச் சற்று மேலாகவும் வருகின்றன. பலகையில் எல்லாவற்றிலும் பெரிய எண்ணாகத் தோன்றிய செக்குக் கடையின் 240 ரூபாயே உண்மையில் எல்லாவற்றிலும் மலிவு! மாதம் மூன்று கிலோ எண்ணெய் செலவாகும் ஒரு குடும்பம் பாக்கெட்டை விட்டு இந்தக் கடைக்கு மாறினால் ஆண்டு முடிவில் 261 ரூபாய் மிச்சம். அதாவது ஒரு கிலோ எண்ணெயின் விலைக்கும் சற்று மேல்.

கடையில் நின்றுகொண்டு 0.91 என்று பெருக்கிக்கொண்டிருக்க எல்லோராலும் ஆகாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: கிலோ விலையில் நூற்றுக்கு ஒன்பது வீதம் தள்ளினால் லிட்டர் விலை கிடைத்துவிடும். 240-இல் 21 ரூபாய் 60 காசு தள்ள, 218 ரூபாய் 40 காசு. இதைவிடக் குறைவாக லிட்டர் கிடைத்தால் மட்டுமே பாக்கெட்டை நாடுவது நியாயம். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் முதலிய சமையல் எண்ணெய்களுக்கும் இந்தக் கழிவு பெரும்பாலும் பொருந்தும். தேனுக்கு எல்லாம் தலைகீழ். அது தண்ணீரைவிடக் கனமாகையால் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1,400 கிராம் நிறுக்கும். ஆகவே தேனை மட்டும் லிட்டர் விலையும் கிலோ விலையும் சமமாக இருக்கும் இடத்தில் லிட்டராக வாங்குபவரே லாபம் அடைகிறார்.

சூட்டில் மாறும் லிட்டர்

இத்துடன் கணக்கு முடிந்தது என்று எண்ணும்போது எண்ணெய் மற்றொரு குணத்தைக் காட்டுகிறது. சூடு ஏறினால் அது விரிகிறது. விரிந்த எண்ணெய் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒரு லிட்டர் பாத்திரத்துக்குள் குறைந்த எடையே அடங்குகிறது. சோயா எண்ணெய் 21 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 919 கிராம் நிறுக்கும்; 60 பாகையிலோ சுமார் 893 கிராம்தான். இரண்டையும் ஒரு லிட்டர் என்றே சொல்லலாம். சொல்வதில் பொய்யும் இல்லை. ஆனால் இரண்டையும் 225 ரூபாய்க்கு விற்றால் முதலாவது கிலோ 245 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாவது கிலோ 252 ரூபாயாகவும் ஆகிவிடும். விலையும் மாறாமல் அளவும் மாறாமல் கிலோவுக்கு ஏழு ரூபாய் வித்தியாசம் எங்கிருந்தோ வந்து புகுந்துவிடுகிறது.

சமையல் எண்ணெய் பாக்கெட்டுகளில் கொள்ளளவோடு சேர்த்து 60 பாகை வரையில் ஏதேனும் ஓர் உஷ்ணநிலையைக் குறிப்பிடும் வழக்கம் சில தயாரிப்பாளர்களிடம் இருந்ததை முன்னிட்டு, உஷ்ணநிலை எதையும் குறிக்காமல் கொள்ளளவையும் அதனுடன் எடையையும் சேர்த்தே அச்சிடவேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அறிவுறுத்தியது. எடைக்கு இந்தத் தொல்லை இல்லை. கோடையிலும் மார்கழியிலும் 910 கிராம் 910 கிராமே. ஆகையால் பாக்கெட்டில் இரண்டும் அச்சாகியிருந்தால் மில்லிலிட்டரை விட்டுவிட்டுக் கிராமைக் கொண்டு வகுப்பதே உத்தமம்.

பெரியது எப்போதும் மலிவா?

நம் உதாரணத்தில் பாட்டிலைவிடப் பாக்கெட்டும், பாக்கெட்டைவிட டின்னும் மலிவாக இருந்தன. உறைக்கும் அடைப்புக்கும் ஆகும் செலவு சிறிய அளவில் வீதப்படி அதிகமாக விழுவதால், இது சாதாரணமாக எதிர்பார்க்கத்தக்கதே. ஆயினும் இதை நியதி என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. 1970-களில் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் போன்ற முன்னோடிகள் ஷாம்பூவைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்துச் சில காசுகளுக்கு விற்கத் தொடங்கிய பிறகு, பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் அந்த உறைகள் ஒரு விசித்திரத்தைக் காட்டிவருகின்றன. ஆறு மில்லி கொண்ட உறை இரண்டு ரூபாய், 180 மில்லி பாட்டில் 120 ரூபாய் என்று கொள்வோம். முப்பது உறைகளை வாங்கினாலும் அதே 180 மில்லிதான். ஆகும் செலவோ அறுபது ரூபாய். இப்படிச் சிறியது மலிவாகவும் பெரியது கிராக்கியாகவும் இருப்பதை ஷாம்பூ விஷயத்தில் பலமுறை காணலாம். உறை வாங்குபவர் ஒரு ரூபாய் ஏறினாலும் வேறு சரக்குக்கு மாறிவிடுவார். பாட்டில் வாங்குபவர் சௌகரியத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கமாட்டார் என்பதை வியாபாரம் நன்கு அறிந்திருக்கிறது.

மொத்தக் கொள்முதலில் வேறொரு நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. ஐந்து லிட்டர் டின்னைப் பிரித்து, தீர்வதற்குள் கடைசி அரை லிட்டர் சிக்கு வாடை அடித்துக் கொட்ட நேர்ந்தால், 1,110 ரூபாயை வகுக்கவேண்டியது ஐந்தால் அன்று, நாலரையால். அப்போது லிட்டர் 246 ரூபாய்க்கு மேல் ஆகி, கிராக்கி என்று நாம் தள்ளிய அரை லிட்டர் பாட்டிலையும் டின் தாண்டிவிடுகிறது. வாங்கிய அளவால் வகுப்பது கடையின் கணக்கு. செலவான அளவால் வகுப்பதே வீட்டின் கணக்கு.

ஏறாமல் ஏறும் விலை

சில பண்டங்களுக்கு விலை நிலையாக நிற்க, அளவு மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஐந்து ரூபாயாகவே இருக்கும். உள்ளே இருப்பதுதான் மெலியும். இத்தகைய இடங்களில் ஒரு கிராமுக்கு எவ்வளவு ரூபாய் என்று கேட்பதைவிட, ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் என்று திருப்பிக் கேட்பது சுலபம். அறுபது கிராம் இருந்தபோது ரூபாய்க்குப் பன்னிரண்டு கிராம். ஐம்பதாகக் குறைந்தபின் ரூபாய்க்குப் பத்து கிராம்.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. அறுபதில் பத்து குறைந்தது. ஆகவே அளவில் இழந்தது ஆறில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்குப் பதினேழுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் பழைய அறுபது கிராமை இப்போது பெறவேண்டுமானால் ஆறு ரூபாய் தரவேண்டும். ஐந்து ஆறாயிற்று என்றால் விலை ஏறியது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இருபது. அளவு எந்த வீதத்தில் குறைகிறதோ அதைவிட அதிகமான வீதத்தில் விலை ஏறும் என்பது மாறாத விதி. பாதியாக்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும்: அளவு நூற்றுக்கு ஐம்பது குறைந்தால் விலை நூற்றுக்கு நூறு ஏறிவிடும்.

அச்சிட்ட அலகு விலை

வாங்குபவர் இத்தனை கணக்கும் போடவேண்டியதில்லை, விற்பவரே அலகு விலையை அச்சிட்டுவிடட்டும் என்பது இக்கால அரசாங்கங்களின் போக்கு. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, சமையல் எண்ணெய், தேயிலை, உப்பு போன்ற சில பண்டங்களை இன்ன இன்ன அளவுகளில்தான் அடைக்கலாம் என்று ஓர் அட்டவணை இருந்தது. 2021-இல் வெளியான திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டு, பொட்டலத்தின்மீது அலகு விலையை அச்சிடும் கடமையை விதித்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு இன்ன விலை என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு இன்ன விலை என்றும், ரூபாயில் இரண்டு தசம ஸ்தானங்களுக்குத் திருத்தி அச்சிடவேண்டும்.

நோக்கம் சிறந்தது, ஆனால் கிராம் என்ற அலகு மளிகைக்கு மிகச் சிறியது. ஒரு கிராமுக்கு ஒரு காசு என்பது கிலோவுக்குப் பத்து ரூபாய் அல்லவா? துவரம்பருப்பு அரை கிலோ 78 ரூபாய், கால் கிலோ 41 ரூபாய் என்று கொள்வோம். முன்னது கிராமுக்கு 15.6 காசு, பின்னது 16.4 காசு. இரண்டு ஸ்தானங்களுக்குத் திருத்தும்போது இரண்டு பொட்டலத்திலும் 0.16 ரூபாய் என்றே அச்சாகிவிடும். உண்மையிலோ ஒன்று கிலோ 156, மற்றது 164. எட்டு ரூபாய் வித்தியாசம் தசமப் புள்ளிக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. உப்பு இன்னும் வேடிக்கை: 13 ரூபாய்க்கு விற்கும் அரை கிலோ உப்பு கிராமுக்கு 2.6 காசு, அச்சில் 0.03 ரூபாய். அதை நம்பிக் கிலோவுக்கு மாற்றினால் 30 ரூபாய் என்று வரும். கொடுத்ததோ கிலோவுக்கு 26 வீதம். ஐரோப்பிய நாடுகளில் 1998-ஆம் ஆண்டின் பொதுக் கட்டளைப்படி, பொட்டலம் சிறிதோ பெரிதோ, பொதுவாகக் கிலோவுக்கோ லிட்டருக்கோ உரிய விலையே குறிக்கப்படுவதால் இந்த மறைவுக்கு அங்கே இடம் குறைவு. ஆகவே பொட்டலத்திலுள்ள அலகு விலை கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் இடத்தில், சிறு எழுத்தை விட்டுவிட்டுப் பெரிய எழுத்திலுள்ள விலையையும் எடையையும் கொண்டு நாமே ஒருமுறை கிலோவுக்கு ஏற்றிப் பார்ப்பது நல்லது.

எந்த ஒன்று?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், வகுத்தலில் தவறு நேர்ந்த இடம் ஒன்றுகூட இல்லை என்பது விளங்கும். லிட்டரைக் கிலோ என்று கொண்டதும், சூட்டில் விரிந்த லிட்டரைச் சாதாரண லிட்டர் என்று கொண்டதும், கொட்டிய எண்ணெயைச் செலவான எண்ணெய் என்று கொண்டதும் எல்லாம் ‘ஒன்று’ எது என்பதை நிச்சயிக்காமல் விட்டதன் விளைவுகளே. தேங்காயை எண்ணிக்கையில் விற்கும் கடையையும் எடையில் விற்கும் கடையையும் ஒப்பிடுபவர், ஒரு காயை நிறுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர இயலாது. மட்டையோடு நிறுத்தால் ஒன்று, உரித்து நிறுத்தால் வேறொன்று.

அலகு விலை சொல்லாத விஷயங்களும் பல உண்டு. எண்ணெயின் மணத்தையோ, பருப்பு குழைய வேகுமா என்பதையோ அது அறியாது. வீட்டுக்கு அருகிலுள்ள கடையின் சௌகரியத்துக்கும் அதனிடம் கணக்கில்லை. அதனால் மலிவானதைத்தான் வாங்கவேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு செக்குக் கடைக்கு நடக்க விரும்பாத ஒருவர் பாக்கெட்டையே வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சௌகரியத்துக்குத் தாம் கொடுப்பது கிலோவுக்கு ஏழே கால் ரூபாய் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறார். அது தமக்குக் கட்டுபடியாகுமா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார். 225-ஐ 240-ஓடு ஒப்பிட்டுப் பதினைந்து ரூபாய் லாபம் என்று மகிழ்ந்தவருக்கோ, தீர்மானிப்பதற்கு ஒரு விஷயம் இருந்ததே தெரியாமற் போய்விடுகிறது.